வேப் தாங்கி: துளை முதலில், அறுப்பு பிறகு

வேப் எனப்படும் மின்சிகரெட்டின் பேட்டரிப் பெட்டியிலிருந்து கழற்றிய அட்டமைசரை, அதாவது திரவத்தை ஆவியாக்கும் பகுதியை, மேசைமேல் வைத்தால் அது ஒழுங்காக நிற்காது. அதன் அடியில் மரை வெட்டிய சின்னத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விட்டம் 7 மி.மீ., நீளம் ஏறத்தாழ 5 மி.மீ. வேப் பழக்கமுள்ளவர்கள் அதை 510 இணைப்பு என்பார்கள், 5 மி.மீ. நீளத்தில் 10 சுற்று மரை என்பதுதான் அந்த எண். மேலே 22 அல்லது 24 மி.மீ. விட்டத்தில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் திரவம், அடியில் இந்தக் குட்டைக் கால். ஒருக்களித்துக் கிடக்கும், தட்டினால் உருளும், உருண்டால் காற்றுத் துவாரம் வழியாக ஒழுகும். இப்படி நான்கைந்து தொட்டிகள் சேர்ந்துவிட்ட வீட்டில் தாங்கி என்ற யோசனை தானாக வந்துவிடும்.

மரவேலையில் கை வைக்காதவருக்கும் இது நல்ல முதல் வேலை. இதில் கதவு இல்லை, இழுப்பறை இல்லை, பொளி வெட்டிச் செருகும் மூட்டு இல்லை. மூன்று பலகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் உருவம் வந்துவிடும். மீதியெல்லாம் துளைதான். அந்தத் துளைகளில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். வரிசையில் ஒன்று 1 மி.மீ. விலகினாலும் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். மூட்டில் விழுந்த பிழையைப் பசை மறைக்கும், துளையில் விழுந்ததை எதுவும் மறைக்காது.

பலகை வாங்குவதற்கு முன்னால் தாங்கியில் நிற்கப்போகும் பொருள்களை அளக்க வேண்டும். பிரிட்டனில் இந்த அளவுகளை ஓரளவுக்குச் சட்டமே தீர்மானித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புகையிலைப் பொருள் நெறிமுறை 2016 மே 20 முதல் அங்கே நடப்புக்கு வந்தது. நிகோடின் கலந்த திரவத்தை 10 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது, 1 மி.லி.யில் 20 மி.கி.க்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது, தொட்டி 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் இந்த வரம்புகளை வைத்துக்கொண்டது. வியாபாரிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நிகோடின் இல்லாத 50 மி.லி. திரவத்தை 60 மி.லி. பாட்டிலில் குறை நிரப்பாக விற்பார்கள். வாங்குபவர் 18 மி.கி. வலுவுள்ள 10 மி.லி. பாட்டில் ஒன்றை அதில் ஊற்றிக் குலுக்கினால் மில்லிலிட்டருக்கு 3 மி.கி. என்ற கலவை கிடைக்கும். ஆகவே ஒரு பிரிட்டிஷ் வேப்பரின் மேசையில் இரண்டு விதப் பாட்டில்கள் இருக்கும், தாங்கியிலும் இரண்டு விதத் துளை வேண்டியிருக்கும். ஒருமுறை இழுத்துத் தூக்கியெறியும் சாதனங்களின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. நிரப்பிப் பயன்படுத்துவதே மிஞ்சிய வழி என்பதால் பாட்டிலும் தொட்டியும் மேசையைவிட்டுப் போகப்போவதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. 2019 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டமும் அந்த ஆண்டின் இறுதியில் அதன் இடத்தைப் பிடித்த சட்டமும் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடுக்கின்றன. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். அந்த ஊர்களில் இதே தாங்கியைப் பேனா மைப்புட்டிக்கோ ஓவியத் தூரிகைக்கோ செய்துகொள்ளலாம். மரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அளவெடுக்க ஸ்கேல் போதாது. வட்டமான பொருளுக்குக் காலிப்பர்தான் சரி. விலை குறைந்த பிளாஸ்டிக் காலிப்பரே போதும். பாட்டிலின் அடிவிட்டம் ஒன்றாகவும் நடுவிட்டம் வேறாகவும் இருக்கலாம், லேபிள் ஒட்டிய இடம் சற்றுப் பருத்திருக்கும். துளைக்குள் இறங்கும் பகுதியில் எது பெரியதோ அதையே எடுத்துக்கொண்டு, அதோடு 1 முதல் 2 மி.மீ. கூட்டி, அதற்கு அடுத்த அளவில் கிடைக்கும் பிட்டை வாங்க வேண்டும். கணக்கில் 23.4 வந்தது என்பதற்காக அந்த அளவில் பிட் தேடிப் பயனில்லை. கடையில் 20, 25, 30, 35 என்றுதான் கிடைக்கும். சமையலறை அலமாரிகளின் கப் கீலுக்கு 35 மி.மீ. துளை தேவை என்பதால் அந்த அளவு எங்கும் மலிவு. கூட்டிய அந்த 1 மி.மீ. வீண் இல்லை. வார்னிஷ் பூசியதும் துளை கொஞ்சம் சுருங்கும், ஈரக்காற்று நாளில் மரமும் கொஞ்சம் உப்பும்.

மரம் என்று பார்த்தால் கற்றுக்கொள்ளும் கைக்கு பைன் போதும். மென்மை, மலிவு, கெட்டுப்போனால் மனம் நோகாது. ஓக் அழகுதான், ஆனால் அதிலுள்ள டானின் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை விடும். துருப்பிடிக்கும் கத்தரியையும் திருப்புளியையும் அதன்மேல் போட்டு வைப்பவருக்கு அது சரிப்படாது. எம்டிஎஃப் பலகையில் துளை கத்தரித்த மாதிரி வரும், ஆனால் திரவம் சிந்திய இடம் ஊறிப்போய்ப் பொருமிவிடும். வால்நட் விலை அதிகம். இருந்தாலும் அதற்கு ஒரு சிறப்பு உண்டு: நிகோடின் திரவம் காற்றுப்பட்டால் நாளடைவில் பழுப்பேறும், அந்தக் கறை வால்நட்டின் நிறத்தில் கலந்துபோகும்.

பலகை வாங்கும்போது பெயரளவை நம்பக் கூடாது. பிரிட்டிஷ் மரக்கடையில் 150க்கு 25 என்று சொல்லி விற்கும் இழைத்த பைன் பலகையை அளந்தால் 144 அல்லது 145 மி.மீ. அகலமும் 20 மி.மீ. சொச்சம் கனமும்தான் இருக்கும். அந்தப் பெயர் இழைப்பதற்கு முன்பிருந்த அளவு. அமெரிக்காவில் ஒன்றுக்கு நான்கு எனப்படும் பலகையும் அப்படித்தான், கையில் வருவது முக்கால் அங்குலத்துக்கு மூன்றரை. வரைபடத்தைப் பெயரளவில் போட்டுவிட்டுப் பிறகு விழிப்பதைவிட, பலகையை வாங்கி வந்து அளந்து வரைவது மேல்.

600 மி.மீ. நீளமுள்ள அந்த மாதிரிப் பலகை ஒன்றிலேயே மூன்று படி தாங்கி வந்துவிடும். ஒரு பாதி முழு அகலத்தோடு அடிப்படி ஆகும். மறுபாதியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் நடுப்படிக்கும் மேல்படிக்கும் ஆகும். மூன்றின் பின்விளிம்பும் ஒரே நேராக இருக்கும்படி அடுக்கினால் முன்பக்கம் படிக்கட்டாக இறங்கும். 144 மி.மீ. அகலத்தை மூன்றால் வகுத்தால் படிக்கு 48 என்று கணக்கு சொல்லும், ஆனால் ரம்பத்துக்கும் பசி உண்டு. 48 மி.மீ. கீற்றைக் கிழித்தெடுத்தால் ரம்பம் 2 மி.மீ. தின்றது போக மிச்சம் 94. மேல்படி 48, நடுப்படி வெளியே தெரிவது 46, அடிப்படி வெளியே தெரிவது 50. இந்த வித்தியாசம் பார்வைக்குத் தெரியாது. ஆனால் துளை மையக்கோட்டை எல்லாப் படியிலும் 24 மி.மீ.யில் போட்டுவிட்டால் தெரியும். அந்தந்தப் படியின் அகலத்தில் பாதியை அந்தந்தப் படியின் முன்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்: மேலே 24, நடுவில் 23, கீழே 25.

நீளவாக்கில் துளைகளின் இடைவெளிக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. துளைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அந்த எண்ணால் நீளத்தை வகுப்பது. 300 மி.மீ.யில் ஐந்து துளை என்றால் ஆறால் வகுத்து 50. மையங்கள் 50, 100, 150, 200, 250 என்று விழும். 24 மி.மீ. அட்டமைசர்கள் இரண்டுக்கு நடுவே 26 மி.மீ. இடம் கிடைக்கும், விரல் நுழைய அது போதும். மேல்படியில் 35 மி.மீ. துளை போட்டால் பாட்டில்களுக்கு நடுவே 15 மி.மீ. மரம் மிஞ்சும். நடுப்படியில் இடப்பக்கம் 100 மி.மீ. துளையில்லாமல் விட்டால் மாட் எனப்படும் பேட்டரிப் பெட்டி அங்கே உட்காரும், 150, 200, 250 என்ற மையங்களில் மூன்று சின்னப் பாட்டில்கள் நிற்கும். மூன்று படியின் துளைகளும் ஒரே செங்குத்து வரிசையில் விழுவதால் பார்வைக்குக் கணக்காக இருக்கும்.

இனி அந்த ஒழுங்கு. துளை முதலில், அறுப்பு பிறகு. புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள். துண்டுகளை அளவாக வெட்டி, விளிம்பையெல்லாம் தேய்த்து முடித்து, கடைசியில் டிரில்லை எடுப்பார்கள். 48 மி.மீ. அகலக் கீற்றில் 35 மி.மீ. துளை போட்டால் இரு பக்கமும் மிஞ்சுவது ஆறரை மி.மீ. சுவர். கீற்றைப் பிடிக்கும் கிளாம்புக்கும் இடமில்லை, பிட் சற்றே இழுத்தாலும் சுவர் பிளந்துவிடும். முழுப் பலகையாக இருக்கும்போதே துளையிட்டால் மேசையோடு இறுக்கிப் பிடிக்க இடம் தாராளம். சுற்றி மரம் இருப்பதால் பிளவுக்கும் வழியில்லை. ஒரு துளை கெட்டுப்போனாலும் கெட்டது ஒரு பலகைதான், இழைத்துத் தேய்த்த உழைப்பு அதோடு போகாது. ஆகவே 600 மி.மீ. பலகையை அறுக்காமல் அதன்மேலேயே மூன்று படிகளையும் பென்சிலால் வரைந்து, ரம்பம் போகும் கோட்டையும் 2 மி.மீ. அகலத்தில் குறித்துவிட்டு, எல்லாத் துளைகளையும் போட்டு முடித்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும்.

மையத்தைப் பென்சில் புள்ளியாக மட்டும் விட்டால் பிட் அங்கே நிற்காது. மரத்தின் இளசான வளையமும் முற்றிய வளையமும் மாறி மாறி வருவதால் பிட்டின் முனை முற்றிய கோட்டில் வழுக்கி இளசான பக்கம் நகரும். குத்தூசியால் ஒரு குழி இட்டால் முனை அதில் உட்கார்ந்துகொள்ளும். பீடத்தோடு வரும் நிலை டிரில் கிடைத்தால், பலகையின் முன்விளிம்பு முட்டி நிற்கும்படி ஒரு கட்டையை அதில் பிடித்துவிட்டால் ஒரு படியின் துளைகள் அத்தனையும் ஒரே கோட்டில் விழும். கைடிரில் மட்டும் இருப்பவர் மூலைமட்டம் இரண்டை, ஒன்று முன்பக்கமும் ஒன்று பக்கவாட்டிலுமாக, பலகைமேல் நிறுத்தி அவற்றுக்கு இணையாக டிரில்லைப் பிடிக்கலாம். சாய்ந்த துளையில் பாட்டிலும் சாய்ந்தே நிற்கும், தஞ்சாவூர் பொம்மை போல் திரும்ப நிமிராது.

மேல்படிக்கும் நடுப்படிக்கும் ஆழக் கணக்கே தேவையில்லை. துளையைப் பலகையை ஊடுருவ விட்டுவிடலாம். ஒட்டிய பிறகு கீழே உள்ள பலகை அதற்குத் தரையாகிவிடும். இதனால் இரண்டு லாபம். பிட்டின் நடுமுனை தரையில் குழி விடாது, தரை சமமாக இருக்கும். விலை அதிகமான ஃபோர்ஸ்ட்னர் பிட் இல்லாமல் சாதாரணத் தட்டைப் பிட்டும் போதும். ஊடுருவும் துளையில் மறுபக்கம் சிலும்பாகக் கிழியும். பலகைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிப் பிடித்துத் துளையிடலாம். இல்லாவிட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து முடிக்கலாம். பெரிய பிட்டுக்கு வேகம் குறைவாக இருக்க வேண்டும், சுருள்தூளை அவ்வப்போது வெளியே இழுத்துவிட வேண்டும். துளையின் சுவர் கருகி வாசனை வந்தால், வேகம் அதிகம் அல்லது பிட் மழுங்கிவிட்டது.

அடிப்படியில் மட்டும் ஆழம் முக்கியம். அங்கே அட்டமைசருக்கு அதன் விட்டத்தில் துளை வேண்டியதில்லை, 7 மி.மீ. தண்டு இறங்க 8 மி.மீ. துளை போதும், தொட்டி மரத்தின் மேல்பரப்பில் உட்காரும். இப்படிச் செய்தால் 22, 24, 25 மி.மீ. எதுவானாலும் அதே தாங்கி செல்லும், புதிதாகத் தொட்டி வாங்கும்போது பழைய தாங்கியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆழம் 7 மி.மீ. வைத்தால் 5 மி.மீ. தண்டு தரையைத் தொடாது. பிட்டின் நுனியிலிருந்து 7 மி.மீ. தள்ளி ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு, நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்தினால் சரி. இன்னும் ஆழமாகப் போவதில் நன்மை எதுவும் இல்லை. நேராக நிற்கும் தொட்டியும் வெக்கை நாளில் அடிவழியாகக் கசியும், கசிந்தது அந்தக் குழியில்தான் தேங்கும். பஞ்சு சுற்றிய குச்சிக்கு எட்டாத குழியைச் சுத்தம் செய்ய முடியாது.

அறுத்த பிறகு, ஒட்டுவதற்கு முன்பே, படிகளின் மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு உள்மூலைக்குள் தாள் போகாது. 120, 180, 240 என்ற வரிசையில், மர ரேகை ஓடும் திசையில் மட்டும். துளையின் விளிம்பைத் தாளைச் சுருட்டி லேசாக மழுக்கினால் லேபிள் கிழியாது. இங்கே முகக்கவசம் அவசியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரலைக் காப்பாற்றத்தான் சிகரெட்டை விட்டு வேப்புக்கு வந்தேன் என்பவர் பட்டறையில் அந்த லாபத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பிவிஏ பசை, அதாவது நம் ஊர் ஃபெவிகால் இனம். மூன்று பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடுவதால் ஈரத்துக்கு மூன்றும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஆணி இல்லாமல் பசையே காலத்துக்கும் பிடிக்கும். பக்கவாட்டில் அழகுக்கென்று குறுக்கு ரேகையில் மூடுபலகை ஒட்டினால் கதை மாறும். மரம் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அநேகமாக விரியாது. இரண்டும் இழுபறி செய்து ஒரு பருவத்தில் ஒட்டு விட்டுப்போகும். முதல் தாங்கிக்கு அந்த மூடுபலகை வேண்டாம்.

பசையை மெல்லிய படலமாகத் தடவி, துளைகளின் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் தடவாமல் விட வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது பசை துளைக்குள் பிதுங்கி, தரையில் மேடாகக் காய்ந்து, பாட்டிலை ஆட்டிவிடும். அப்படியும் பிதுங்கினால் ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு அங்கே உளி போகாது. வெளிமூலையில் பிதுங்குவதை மட்டும் அரைமணி விட்டு, ரப்பர் போல இறுகியதும் உளியால் சுரண்டி எடுக்கலாம். கிளாம்பை முறுக்கும்போது பலகைகள் பசையின்மேல் வழுக்கி நகர்வது எல்லோருக்கும் நடக்கும். பசைமேல் நாலைந்து கல் உப்பைத் தூவினால் அது மரத்தில் பதிந்து பலகையை நகர விடாது. இது தச்சர்களின் பழைய தந்திரம். ஒரு மணி நேரம் கிளாம்பில், ஒரு நாள் சும்மா.

பூச்சுதான் இந்தத் தாங்கியின் ஆயுள். வேப் திரவம் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் கலந்த பசபசப்பு. இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. பூச்சில்லாத பைனில் சிந்தினால் உள்ளே இறங்கி, தூசியைப் பிடித்துக்கொண்டு, காயாத கறையாகத் தங்கிவிடும். தேன்மெழுகு பார்க்க நன்றாக இருக்கும், இந்தத் திரவத்துக்குத் தாங்காது. பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சுதான் நம்பகமானது. நீரில் கரையும் வகை என்றால் தூரிகையைக் கழுவுவதும் சுலபம். துளைச் சுவரில் மரத்தின் வெட்டுமுகம் தெரியும் இடங்கள் அதிகம் குடிக்கும், அங்கே சின்னத் தூரிகையால் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆளிவிதை எண்ணெய் வகைப் பூச்சை விரும்புகிறவர்கள் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காய்கிறது. அப்போது சூடு வரும், கசங்கிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பற்றும். துணியை வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

துளையின் தரையில் ஃபெல்ட் வட்டம் ஒட்டுவது பலருக்கும் ஆசை. முதல் கசிவிலேயே அது ஊறி நாற்றமெடுக்கும். ஃபெல்ட்டை தாங்கியின் அடியில், மேசை கீறாமலிருக்க ஒட்டிக்கொள்ளலாம். துளைக்குள் மெத்தென்று ஏதாவது வேண்டுமென்றால் கழுவி எடுக்கக்கூடிய சிலிக்கோன் தாளை வட்டமாக வெட்டி ஒட்டாமல் போடுவது நல்லது.

பேட்டரிக்கும் துளை வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மாட்களில் பரவலாக இருக்கும் 18650 பேட்டரியின் பெயரே அதன் அளவு: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. 20 மி.மீ. பிட் சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் இந்த பேட்டரியின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. மேலே தெரியும் நேர்முனைக்கும் தோள்பட்டைக்கும் நடுவே இருப்பது மெல்லிய உறையும் ஒரு வளையமும்தான். உறை கிழிந்திருக்கும்போது அதன்மேல் ஒரு சாமணமோ சுருள்கம்பித் துண்டோ குறுக்கே விழுந்தால் இரு முனையும் சேர்ந்துவிடும். அவை இரண்டுமே இந்தத் தாங்கியின் பக்கத்தில்தான் எப்போதும் கிடக்கும். பேட்டரிகள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தப் பெட்டி உட்கார ஒரு சமதளம் விட்டால் போதும். சார்ஜரையும் தாங்கியின்மேல் வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி கெட்டுப்போய்ச் சூடேறினால் அடியில் இருக்க வேண்டியது ஓடு அல்லது கல், வார்னிஷ் பூசிய பைன் அல்ல.

முடிந்த தாங்கியை எங்கே வைப்பது என்பதையும் பாட்டில்தான் தீர்மானிக்கிறது. 20 மி.கி. வலுவுள்ள 10 மி.லி. பாட்டில் ஒன்றில் மொத்தம் 200 மி.கி. நிகோடின் இருக்கும். குழந்தைக்கு அது விஷம், வாசனையோ மாம்பழமும் ஸ்ட்ராபெர்ரியும். திறந்த தாங்கி பாட்டில்களை வரிசையாகக் காட்டி அழைக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் மேல்படியின் உயரம், பாட்டிலின் உயரம், அதற்குமேல் எடுக்கக் கை நுழையும் இடம் மூன்றையும் கூட்டி, பூட்டுள்ள அலமாரியின் தட்டு இடைவெளிக்குள் அது அடங்குகிறதா என்று முதல் நாளே, பலகை வாங்கும் முன்பே, அளந்துவிட வேண்டும். மூன்று படியின் உயரம் 60 மி.மீ., பாட்டில் நிற்கும் தரை 40 மி.மீ.யில் இருக்கும். அலமாரிக்கு அது அதிகம் என்றால் நடுப்படியை விட்டுவிட்டு இரண்டு படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.